15 நிமிடமும் 147 சொட்டும்

கேள்வி:

டாக்டரம்மா அவர்களுக்கு வணக்கம். சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். எனக்கு 64 வயது. முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய கை இது. நாலைந்து வருஷமாக இரண்டு கண்ணிலும் புரை. ஊரில் நடந்த இலவச முகாமில் பார்த்து, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், 18 நாளைக்கு முன்னால் வலது கண்ணில் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். கால் மணி நேரம்தான் ஆனது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரில் தேதி தெரிந்தது. அழுதுவிட்டேன். அங்கிருந்த நர்ஸ் பிள்ளை, "அழக்கூடாது பாட்டி, கண்ணுக்கு ஆகாது" என்று அதட்டியது. அன்றிலிருந்து அடக்கிக்கொள்கிறேன். ஆனால் தினமும் அழுகை வருகிறது. நாலு வயசுப் பேரனுக்கு மூக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான், எனக்கே தெரியாது.

கண்ணைத் திறந்துவிட்ட டாக்டருக்குக் கொடுக்கலாம் என்று அரைப் பவுன் மோதிரம் எடுத்துக்கொண்டு போனேன். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டார். சும்மா வாங்கிக்கொண்டு வந்த மாதிரி மனசு உறுத்துகிறது. அடுத்த கண்ணுக்கும் செய்யலாம் என்கிறார்கள். ஒன்றை இலவசமாகச் செய்து கொடுத்ததே பெரிது, மறுபடியும் போய் நிற்பது பேராசை இல்லையா?

இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாகவும், முடி இறக்கி ஆற்றில் முழுகுவதாகவும் நேர்ந்திருக்கிறேன். ஆடி கடைசி வெள்ளிக்கு இன்னும் 12 நாள்தான். மகன் கூடாது என்கிறான். சாமி கடனைத் தள்ளிப் போடலாமா?

இன்னொன்று. வீட்டில் வெளிச்சமே இல்லை, கரண்ட் பில்லுக்குப் பயந்து சின்ன பல்பாகப் போட்டு வைத்திருக்கிறாள் என்று மருமகளோடு எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் அதே பல்புதான் எரிகிறது. வீடு பளிச்சென்று இருக்கிறது. அவள் தலையில் நரை வந்திருக்கிறது. மருந்து விடுவதும் அவள்தான்.

இந்த நன்றிக்கடனை எல்லாம் எப்படி அடைப்பது என்று சொல்லுங்கள்.

பதில்:

அம்மா, முதலில் அழுகையைப் பார்த்துவிடுவோம். நீங்கள் தாராளமாக அழலாம்.

அந்த நர்ஸ் பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டுப் பிரிக்கிற காலையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் நின்று விளக்கிச் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. அழுதால் கை தானாகக் கண்ணுக்குப் போகும், முந்தானையைச் சுருட்டிக் கசக்குவோம். அவர் பயந்தது அந்த முந்தானைக்குத்தான். அதைச் சுருக்கி "அழக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அழுதால் தையல் பிரிந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் நம்ப வேண்டாம். இப்போதெல்லாம் பெரும்பாலான புரை ஆபரேஷனில் தையலே போடுவதில்லை. கண்ணுக்குள் போகும் வழியைச் சரிவாக, ஒரு சின்னக் குகை மாதிரி வெட்டுகிறோம். உள்ளே இருக்கும் அழுத்தமே அந்த வாயை மூடிக்கொள்ளச் செய்யும். ஆகவே கண்ணீர் வந்தால் வரட்டும். கன்னத்துக்கு வந்தபிறகு, துவைத்துக் காயவைத்த துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணைத் தொடாதீர்கள். சொட்டு மருந்து விட்ட ஐந்து நிமிடத்துக்கு மட்டும் அழுகையைத் தள்ளிப் போடுங்கள், மருந்து வீணாகிவிடும்.

பேரனின் மச்சத்தைப் பார்த்து வருகிற அழுகைக்கு என்னிடம் மருந்து இல்லை. வேண்டியதும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கண் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். கட்டுப் பிரிக்கும் காலைதான் எனக்கு எப்போதும் பிடித்த நேரம். சிலர் அழுவார்கள். சிலர் தங்கள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும், "குரலைக் கேட்டு இன்னும் சின்னப் பொண்ணுன்னு நினைச்சேன்" என்றார்.

வேட்டி எல்லாம் சொட்டு நீலம் அதிகமாகப் போட்டுத் துவைத்த மாதிரி தெரிகிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பலருக்கு அப்படித் தெரியும். புரை விழுந்த பழைய லென்ஸ் வயது ஏற ஏற மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். அது நீல நிறத்தை உள்ளே விடாது. அதை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸ் வைத்ததும் இத்தனை நாள் வராத நீலம் மொத்தமாக வருகிறது. வலது கண்ணை மூடி இடது கண்ணால் ஒரு மல்லிகைப் பூவைப் பாருங்கள், பிறகு இடதை மூடி வலதால் பாருங்கள். ஒன்றில் பழைய மல்லிகை, ஒன்றில் இன்று பறித்தது. கொஞ்ச நாளில் மனசு இதற்குப் பழகிவிடும்.

சரி, மோதிரத்துக்கு வருவோம்.

அந்த டாக்டர் வாங்காததில் எனக்குச் சந்தோஷம். நானும் வாங்கியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் மறுத்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். தை மாதம் ஒரு கட்டுப் பனங்கிழங்கு, கோவில்பட்டிக் கடலை மிட்டாய், கொல்லையில் காய்த்த முருங்கைக்காய் இதெல்லாம் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. கொண்டுவந்தவர் முகம் வாடக்கூடாது என்று வாங்கிக்கொள்வேன், மதியத்துக்குள் வார்டில் எல்லோருக்கும் பங்கு போய்விடும். தங்கம் வேறு. இன்று ஒருவரிடம் வாங்கினால் நாளைக்குப் பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் நாமும் ஏதாவது கொடுத்தால்தான் நன்றாகப் பார்ப்பார்களோ என்று நினைப்பார். காதில் கிடந்த கம்மலை அடகு வைத்துவிட்டு வரிசையில் வந்து நிற்பார். அந்த நினைப்பு ஒரு வார்டுக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் அதை வெளியே அனுப்புவது மகா கஷ்டம்.

அடுத்தது "சும்மா வாங்கிக்கொண்டு வந்த மாதிரி" என்று எழுதியிருப்பது. எனக்கு இந்தச் சொல்லில் சம்மதம் இல்லை. 1976-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் பார்வை இழப்பைத் தடுக்க ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. முகாமில் நடக்கும் இலவச ஆபரேஷன்கள் பலவற்றுக்கு அரசுப் பணம் வருகிறது. அரசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தீப்பெட்டிக்கு அந்தக் காலத்தில் எக்சைஸ் வரி இருந்தது என்பது முப்பது வருஷம் அந்த ஆபீஸில் இருந்த உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் அடுக்கிய குச்சிகளின் வரியில் எத்தனை பேருக்குக் கண் தெரிந்ததோ, யார் கண்டது. மீதிச் செலவைப் பணம் கட்டி ஆபரேஷன் செய்துகொள்பவர்களும் நன்கொடை தருபவர்களும் ஏற்கிறார்கள். முகாமுக்குப் பந்தல் போட்டு மைக் பிடித்த உங்கள் ஊர்ப் பையன்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

டாக்டரின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. உங்கள் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்கு ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்கிறேன். பேரனுக்கும் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களில் குண்டு பட்டு, விமானி உட்காரும் இடத்தின் பிளாஸ்டிக் மூடி உடைந்து சிதறும். அந்தத் துண்டுகள் சில விமானிகளின் கண்ணுக்குள் போய்த் தங்கிவிட்டன. வழக்கமாக வெளிப்பொருள் ஏதாவது உள்ளே போனால் கண் சிவந்து வீங்கி ரகளை செய்யும். இந்தப் பிளாஸ்டிக் துண்டுகளை மட்டும் கண் பேசாமல் வைத்துக்கொண்டிருந்தது. லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் இதைக் கவனித்தார். புரையை எடுத்த இடத்தில் அதே பொருளில் ஒரு வில்லை செய்து வைத்தால் என்ன என்று யோசித்து, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் கண்ணில் வைத்தார். சக மருத்துவர்கள் பாராட்டவில்லை. கண்ணுக்குள் இருப்பதை எடுப்பதுதான் வைத்தியம், வெளிப்பொருளை உள்ளே வைப்பதா என்று வருஷக் கணக்கில் எதிர்த்தார்கள். அதே ரிட்லிக்கு வயதானபோது புரை வந்தது. அவருடைய இரண்டு கண்ணிலும் லென்ஸ்தான் வைத்தார்கள், அதுவும் அதே மருத்துவமனையில்.

நான் படித்த காலத்தில், 1980-களின் தொடக்கத்தில், நம் ஊரில் சாதாரண ஜனங்களுக்கு இது எட்டவில்லை. புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவோம். அதைப் போட்டால் எல்லாம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். டம்ளரை எடுக்கப் போன கை பாதி வழியில் காற்றைப் பிடிக்கும். கண்ணாடி உடைந்தால் மறுபடியும் குருடுதான். லென்ஸ் வந்தபோதும் அது வெளிநாட்டுச் சரக்கு, விலை ஏழைக்குக் கட்டாது. மதுரையில் 1976-இல் 11 படுக்கையோடு கண் ஆஸ்பத்திரி தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முடக்குவாதத்தில் விரலெல்லாம் கோணிப்போய், அந்தக் கையோடு ஆபரேஷன் செய்யப் பழகிக்கொண்டவர். அவருடைய அமைப்புதான் 1992-இல் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. விலை இறங்கியது. சாத்தூர்க்காரர் கண்ணில் கால் மணி நேரத்தில் லென்ஸ் ஏறுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. இதற்கு அரைப் பவுனை யாரிடம் கொடுப்பீர்கள்?

நேர்த்திக்கடன் விஷயத்தில் உங்கள் மகன் பக்கம்தான் நான். ஆனால் அவர் எதற்காகச் சொல்கிறார் என்று சரியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். கண்மலர் சாத்துவதில் கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. வெள்ளித் தகட்டில் இரண்டு கண்ணை வாங்கி அம்மன் காலடியில் வைப்பதை எந்த டாக்டர் தடுக்கப் போகிறார்? கெடுதல் வருவது தண்ணீரிலிருந்து. முடி இறக்குகிறவர் தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்ப்பார், அது முடியோடு சேர்ந்து கண்ணில் வழியும். ஆற்றில் முழுகினால் கேட்கவே வேண்டாம். ஆடி கடைசி வெள்ளிக் கூட்டமும் புழுதியும் உங்களுக்குத் தெரியும். தள்ளுமுள்ளில் ஒரு முழங்கை கண்ணில் பட்டால் போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்தார். நன்றாகச் செய்த ஆபரேஷன், மறுநாளே தெளிவான பார்வை. நேர்ந்துகொண்டதைத் தாமதிக்கக் கூடாது என்று பத்தாம் நாள் கோயில் தெப்பக்குளத்தில் மூன்று முழுக்குப் போட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்துக் கண் வலி, சிவப்பு. அதற்கும் உடனே வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது கண்ணுக்குள் சீழ் கட்டியிருந்தது. எல்லா மருந்தும் போட்டோம், அந்தப் பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. "சாமிக்குச் செஞ்சது எப்படிம்மா தப்பாகும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னிடம்தான் இருக்கிறது. அதனால்தான் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே, "ஏதாவது நேர்ந்திருக்கீங்களா?" என்று கேட்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன். சர்க்கரை, பிரஷர் கேட்பதுபோல இதையும் கேட்டுவிட வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஆடி வெள்ளியன்று மகன் இருக்கன்குடிக்குப் போகட்டும். கண்மலரை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள், அல்லது மஞ்சள் துணியில் முடிந்து வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வையுங்கள். சொட்டு மருந்து ஆறு வாரம் முடிந்து, மறுபரிசோதனையில் டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னபிறகு, ஆவணியில் கூட்டம் இல்லாத ஒரு நாள் நீங்களே போய் முடி இறக்கிக்கொள்ளலாம். ஆற்றில் முழுகுவதை எப்போது செய்யலாம் என்பதையும் அன்றைக்கு அவரிடமே கேளுங்கள். கோயிலில் தீர்த்தம் கொடுத்தால் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், கண்ணில் மட்டும் விட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு மாதம் தள்ளிப் போனதற்கு வட்டி கேட்கிறவள் இல்லை மாரியம்மன்.

அடுத்த கண் விஷயத்தில்தான் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபம். பேராசையாம்! சுந்தரமூர்த்தி நாயனார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் செய்த சத்தியத்தை மீறியதால் இரண்டு கண்ணும் போயின. வழி நெடுகச் சிவனோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் இடது கண் கிடைத்தது. ஒன்று கிடைத்ததே போதும் என்று அவர் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. திருவாரூர் வரை நடந்து, பாடி, உரிமையோடு கேட்டு, வலது கண்ணையும் வாங்கினார். பிறகும் அவரை யாரும் பேராசைக்காரர் என்று சொல்லவில்லை, நாயன்மார் வரிசையில்தான் வைத்தார்கள். நாங்களும் முதலில் ஒன்று, சில வாரம் கழித்து மற்றது என்றுதான் செய்கிறோம்.

ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் மங்கலாகவும் இருந்தால் தூரம் கணக்குப் பிசகும். காபியை ஆற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றுவீர்கள், படியில் கால் தவறும். இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கைதான், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் கஷ்டம். தவிர, புரை ரொம்ப முற்றிவிட்டால் ஆபரேஷனும் கடினமாகும், சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிவிடும். டாக்டர் சொல்லும் தேதிக்குப் போங்கள்.

இனி, நீங்கள் கடைசியில் அவசரமாக எழுதி முடித்த விஷயம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டாக்டரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அம்மனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மருமகளைப் பற்றி எழுதியதில் பாதி, பல்பைப் பற்றி. கடைசியில் "மருந்து விடுவதும் அவள்தான்" என்று ஒரே ஒரு வரி. அந்த வரியில் மட்டும் எழுத்து கொஞ்சம் சின்னதாகிவிட்டது, கவனித்தீர்களா?

ஒரு கணக்குப் போடுவோம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வழக்கமாகக் கொடுக்கும் சொட்டு மருந்து முதல் வாரம் தினம் ஆறு தடவை, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வாரத்துக்கு ஒன்றாகக் குறையும். உங்கள் சீட்டிலும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். இல்லாவிட்டால் சீட்டில் இருப்பதுதான் சரி. ஆறு வாரத்துக்கும் கூட்டினால் 147 தடவை. 18 நாளில் 93 முடிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உங்களைப் படுக்க வைத்து, கீழ் இமையை இறக்கி, பாட்டில் முனை கண்ணில் படாமல் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்து, மூடியைத் திருகி வைக்க ஐந்து நிமிடமாவது ஆகும். இதற்கு நடுவே நாலு வயசுப் பையன், சமையல், தண்ணீர் பிடிப்பது எல்லாம் இருக்கிறது. டாக்டர் உங்கள் கண்ணோடு இருந்தது 15 நிமிடம். இது ஏறக்குறைய 12 மணி நேரம். அந்தச் சொட்டுகள் ஒழுங்காகப் போகாமல் இருந்தால் உள்ளே வீக்கம் வந்து, நாங்கள் எவ்வளவு நன்றாக லென்ஸ் வைத்திருந்தாலும் பார்வை கெட்டிருக்கும். வருஷக் கணக்கில் ஆபரேஷன் செய்தவள் இதைச் சொல்கிறேன்.

பல்புச் சண்டை உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. புரை மெதுவாக வருவதால் தன் கண் மங்குகிறது என்று யாருக்கும் தோன்றாது. உலகம் மங்குகிறது என்றுதான் தோன்றும். பல்பு சரியில்லை, கருப்பட்டியில் தூசி, சேலைக்குச் சாயம் போய்விட்டது, அரிசியைச் சரியாகப் புடைக்கவில்லை, இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பாத்திரம் துலக்கத் தெரியவில்லை. என்னிடம் வந்த மாமியார்கள் பலர் இந்தப் பட்டியலைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ரேஷன் கடைக்காரரோடு தகராறு செய்து போலீஸ் வரைக்கும் போயிருக்கிறார். குற்றத்தைக் கண்மேல் போட்டுவிடுங்கள், உங்கள் குணத்தின்மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தச் சண்டையில் திட்டு வாங்கியவர் கணக்கு வேறு, அவருக்கு அது கண்ணின் குற்றம் என்று தெரியாது.

நம் வீடுகளில் மருமகளைப் பார்த்து "நன்றி" என்று சொன்னால் அவர் பயந்துவிடுவார், உங்களுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மகனுக்குப் போன் போடுவார். டாக்டரிடம், சாமியிடம், பஸ்ஸில் இடம் கொடுத்தவரிடம் சொல்ல முடிகிற சொல் வீட்டுக்குள் வாயில் வராது. நான் என் அம்மாவிடம் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. அதனால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். ராத்திரி கடைசிச் சொட்டு விடும்போது, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும் அந்த நேரத்தில், "பல்பு நல்லாத்தான் இருக்கு, என் கண்ணுதான் சரியில்லாம இருந்திருக்கு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் உங்களுக்கும் சுலபம்.

மோதிரத்தை என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். யாருடைய விரல் அளவு சரியாக இருக்கும் என்று வீட்டில் இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும்.

டாக்டருக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில் புரையோடு சுவரைத் தடவி நடக்கிற யாராவது கண்டிப்பாக இருப்பார்கள். ஊசி குத்துவார்கள், கண்ணை வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள் என்று யாரோ சொன்ன கதையைக் கேட்டுப் பயந்து முகாமுக்கு வராமல் இருப்பார்கள். நாங்கள் மைக்கில் கத்தினாலும் நம்ப மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கூட உட்கார்ந்து குச்சி அடுக்கியவள் வந்து, "எனக்கு வலிக்கலடி, கண்ணைச் சுத்தி மரத்துப்போற ஊசி ஒண்ணுதான்" என்று சொன்னால் நம்புவார்கள். அடுத்த முகாமுக்கு ஒருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த டாக்டருக்கு மோதிரத்தைவிட அது பிடிக்கும்.

கண்தானம் பற்றியும் நினைத்துப் பார்க்கலாம். புரை ஆபரேஷன் செய்தவர்கள் கண்தானம் செய்யக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. தானத்தில் பயன்படுவது கண்ணின் முன்பக்கம் இருக்கும் கருவிழிப் படலம். உங்களுக்கு மாற்றியது உள்ளே இருக்கும் லென்ஸ். இரண்டும் வேறு. மகனிடமும் மருமகளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். உயிர் பிரிந்ததும் உடனே கண் வங்கிக்குத் தகவல் போக வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அதுவரை இமையை மூடி ஈரத்துணி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இரண்டு கண்ணால் இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும். இப்போதைக்கு அவசரம் இல்லை, பேரன் வளரட்டும்.

மறந்துவிடாமல் சில விஷயங்கள். கண்ணில் வலி கூடினாலும், சிவப்பு ஏறினாலும், தெரிந்துகொண்டிருந்த பார்வை குறைந்தாலும், மின்னல் வெட்டுவதுபோலவோ கரும்புள்ளிகள் திடீரென்று நிறையப் பறப்பதுபோலவோ திரை இறங்குவதுபோலவோ தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மறுபரிசோதனை தேதிவரை காத்திருக்க வேண்டாம். வீட்டு வைத்தியமாகத் தாய்ப்பால், வெங்காயச் சாறு எதுவும் கண்ணுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. சர்க்கரை இருந்தால் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். சில மாதமோ சில வருஷமோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், புரை திரும்ப வளர்ந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பை சிலருக்கு மங்கலாகும், லேசர் வைத்துச் சில நிமிடத்தில் சரி செய்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் வரிகள் கீழே சரிந்து ஓடுகின்றன, எழுத்துகள் புளியங்கொட்டை அளவுக்கு இருக்கின்றன. இது லென்ஸின் கோளாறு இல்லை. தூரத்தைப் பார்க்கிற அளவில் லென்ஸ் வைத்திருப்பார்கள், பக்கத்தில் வைத்துப் படிக்கவும் எழுதவும் கண்ணாடி வேண்டும். புண் ஆறி, கண் ஒரு நிலைக்கு வந்தபிறகு, பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் அளவு எடுத்துக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் சந்தையில் விற்கிற வெள்ளெழுத்துக் கண்ணாடியை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். மறுபரிசோதனைக்குப் போகும்போது மருந்துச் சீட்டு, லென்ஸ் விவரம் எழுதிய அட்டை, பழைய கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருமகளையும் கூட்டிப் போங்கள். எத்தனை தடவை மருந்து விட்டது என்று டாக்டர் கேட்டால் அவருக்குத்தான் தெரியும்.